நிழற்குடையில் யாரும் உட்காரக் கூடாது

எங்கள் ஹாலோபி கிராமத்தில் எதுவுமே நடப்பதில்லை என்று சொல்பவர்கள் ஜூன் மாதத்தில் இங்கே வந்திருக்கமாட்டார்கள். ஜூனில்தான் ‘நன்கு பேணப்பட்ட கிராமம்’ போட்டிக்கு நடுவர் வருவார். எந்த நாள் வருவார், ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டார்கள். ஆகவே அந்த மாதம் ஊருக்குள் நுழையும் அந்நியர் ஒவ்வொருவரும் நடுவர்தான். போன ஆண்டு தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவருக்கு ஏழு தோட்டங்களைச் சுற்றிக் காட்டினோம். மனிதர் கடைசிவரை மீட்டரைப் பார்க்கவில்லை. நீங்கள் யார் என்று கேட்டிருக்கலாம்தான். ஆனால் நடுவரிடம் அப்படிக் கேட்டால் மதிப்பெண் போய்விடும்.

போட்டிக் குழுவின் தலைவி டாஃப்னி ப்ரௌஸ். இந்த ஆண்டு அவர் பேருந்து நிழற்குடையைத்தான் நம்பியிருந்தார். புதிதாகப் பச்சை வண்ணம் அடித்து, பன்னிரண்டு ஜெரேனியம் பூந்தொட்டிகள் வைத்து, பெஞ்சுக்கு மெழுகு தேய்த்திருந்தார். ஒரே ஒரு குறை, அதில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

முக்கியமாக தெல்மா கார்சைட். எழுபத்தெட்டு வயது. செவ்வாயும் வெள்ளியும் 9.40 பேருந்தில் நகரத்து முதியோர் இல்லத்துக்குப் போவார். அங்கே அவருடைய கணவர் சிரில் இருக்கிறார். காலையில் சிரிலுக்கு மனைவியை அடையாளம் தெரியும். மதியத்துக்கு மேல் செவிலியர் என்று நினைத்து மாத்திரை கேட்பார். அடுத்த பேருந்து 1.15க்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மழைக்கோட்டு அணிந்த ஒருவர் பரீட்சை அட்டையும் பென்சிலுமாக நிழற்குடைக்கு எதிரே வந்து நின்றார். டாஃப்னி சன்னலிலிருந்து பார்த்துவிட்டார். ஐந்தே நிமிடத்தில் தெல்மாவையும் உடன் காத்திருந்த இருவரையும் தேவாலயத்தின் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். பேருந்து போய்விடுமே என்றார் தெல்மா. தன் காரிலேயே கொண்டுபோய் விடுவதாக டாஃப்னி வாக்குக் கொடுத்தார், விட்டும் விட்டார். 9.40 வந்து நின்றது, ஆளில்லாத பெஞ்சைப் பார்த்தது, போனது. மழைக்கோட்டுக்காரர் ஏதோ குறித்துக்கொண்டார். அவருக்குக் கேக் கொடுத்தோம். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமையும் அடுத்த செவ்வாயும் அவர் வந்தார், இதுவே நடந்தது. மூன்று முறை வந்த நடுவர் எங்கள் வரலாற்றிலேயே இல்லை. ஊர் மாத இதழின் முதல் பக்கத்தில் நம்பிக்கையோடு இதை எழுதியவன் நான்தான்.

உண்மையான நடுவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் வந்துபோனாராம். யாரும் பார்க்கவில்லை. எங்களுக்கு இரண்டாம் பரிசு. நிழற்குடைக்குத் தனிப் பாராட்டு, ‘பயன்படுத்திய சுவடே தெரியாத தூய்மை’ என்று.

ஜூலையில் ஊர் மன்றக் கூட்டம். பரிசுப் பலகையை எங்கே மாட்டுவது என்று நாற்பது நிமிடம் பேசினோம். ஒன்பதாவது பொருளாக மாவட்டப் போக்குவரத்து அலுவலகத்தின் கடிதத்தை வாசித்தார்கள். தங்கள் கணக்கெடுப்பாளர் மூன்று நாள் நேரில் வந்து கவனித்ததில், ஹாலோபியில் 9.40 பேருந்தில் ஒருவர்கூட ஏறவில்லை. ஆகவே செப்டம்பர் முதல் அது நிறுத்தப்படும். 1.15 வழக்கம்போல ஓடும்.

கணக்கெடுப்பாளருக்குக் கேக் பிடித்திருந்ததே என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள்.

தெல்மா எழுந்தார். “மூணு நாளும் என்னை ஒளிச்சு வச்சது நீங்கதானே டாஃப்னி. அதை அவங்களுக்கு எழுதுங்க.”

டாஃப்னி சங்கடப்பட்டார். “எழுதலாம் தெல்மா. ஆனா நடுவர்னு நெனச்சு ஆளுங்களை மறைச்சோம்னு வெளிய தெரிஞ்சா, பரிசைத் திருப்பிக் கேப்பாங்களே.”

வாக்கெடுப்பு நடந்தது. பரிசு பிழைத்தது. தெல்மாவின் நிலைக்கு மன்றம் ஒருமனதாக வருத்தம் தெரிவித்தது.

செப்டம்பரின் முதல் செவ்வாய்க்கிழமை, நிழற்குடையில் பரிசுப் பலகை திறப்பு. மாவட்டப் பத்திரிகையிலிருந்து புகைப்படக்காரர் வந்திருந்தார். ஒன்பதரைக்குத் தெல்மா கைப்பையோடு வந்து, மெழுகு தேய்த்த பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார்.

டாஃப்னி குனிந்து மெதுவாகச் சொன்னார். “தெல்மா, பஸ்ஸை நிறுத்திட்டாங்க, தெரியும்ல?”

“தெரியும். உங்க காருக்குத்தான் உக்காந்திருக்கேன்.”

“இன்னிக்கு எப்படி? ஃபோட்டோ எடுக்கணுமே.”

“எடுக்கச் சொல்லுங்க. நான் யாரு, ஏன் உக்காந்திருக்கேன்னு அவர் கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

புகைப்படக்காரர் நிமிர்ந்து பார்த்தார். டாஃப்னி கைப்பையில் சாவியைத் தேடினார்.

“வெள்ளிக்கிழமையும்,” என்றார் தெல்மா, எழுந்திருக்காமலே.

“சரி, வெள்ளிக்கிழமையும்.”

கார் கிளம்பியபோது மணி 9.40. தலைவியில்லாமலே பலகையைத் திறந்தோம். படத்தில் நிழற்குடை காலியாக, மிக அழகாக விழுந்திருந்தது.

இதழின் கடைசிப் பக்கத்துப் பேருந்து நேர அட்டவணையில் 9.40ஐ எடுத்துவிடச் சொல்லி மன்றம் எழுதியது. நான் எடுக்கவில்லை. பேருந்து எண் இருந்த இடத்தில் டாஃப்னியின் தொலைபேசி எண்ணைப் போட்டிருக்கிறேன். இதுவரை நாலு பேர் அழைத்திருக்கிறார்களாம்.