கூழு வேளை

கும்மிடிப்பூண்டி டப்பாக் கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேன் தூக்குச் சட்டிகளை வாங்கி அறைக்குள் வைத்துப் பூட்டினான். மத்தியானச் சங்கு ஊதினால்தான் திறப்பான். கன்னியம்மா தன் கூழைக் கொடுக்கும்போதே வயிறு கூப்பாடு போட்டது. கருக்கலில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவளுக்கு எழுந்ததும் கூழ் இறங்குமா? காலங்காலமாக வயலில் இறங்கி, பாதி நாற்று நட்டு, வெயில் ஏறியதும் வரப்பில் உட்கார்ந்து குடித்துப் பழகின வயிறு அது. கூழு வேளை என்று அதற்கொரு பெயரே உண்டு. எப்பேர்ப்பட்ட கொடுங்கோல் ஆண்டையும் அந்த வேளைக்கு ஆளை விட்டுவிடுவான். எழுபத்து நாலில் முளைத்த கம்பெனிக்குத்தான் விட மனசில்லை. தகரத்தில் கூழ் சிந்திவிடுமாம். தகரத்துக்கு இருக்கிற மரியாதை மனுஷிக்கு இல்லை, தூ!

நேற்று பக்கத்து மிஷினில் அக்கா மகள் சின்னப்பொண்ணு கிறுகிறுத்துச் சரிந்தாள். கன்னியம்மா சடையைப் பிடித்து இழுத்திராவிட்டால் தகரத்தோடு விரல்களும் போயிருக்கும். ஓடிவந்த சூப்பர்வைசர் மணவாளன் முதலில் மிஷினைத்தான் தடவிப் பார்த்தான். "இன்னொரு வாட்டி உழுந்தா சீட்டு கிழிஞ்சிடும்" என்றான். அந்தச் சம்பளத்தில்தான் சின்னப்பொண்ணு வீட்டில் உலை கொதிக்கிறது.

மயக்கத்துக்கு மருந்தாக இன்று கூட்டம். பெண்களைக் கொட்டகைத் தரையில் உட்காரவைத்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த டாக்டரம்மாள் மேஜைமேல் இட்லி, அவித்த முட்டை, பால், வாழைப்பழம், முளைகட்டின பயறு என்று பரப்பியிருந்தாள்.

"காலை ஆகாரத்தைத் தவிர்க்கவே கூடாது. சரிவிகிதமா சாப்பிட்டா மயக்கமே வராது" என்றாள். தங்கமாகத்தான் பேசினாள். பட்டினி வயிற்றை உட்காரவைத்துப் பேசினாள்.

கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டாள். "எங்க கூழ நீங்களே பூட்டி வச்சிக்கினு, ஏன் துன்னலன்னு எங்களயே கேட்டா இன்னாம்மா நாயம்? கூழு வேளைக்குச் சித்த நேரம் உடச் சொல்லுங்க. இந்தப் பொண்ணு எதுக்கு உழப்போறா?"

டாக்டரம்மாள் மணவாளன் பக்கம் திரும்பினாள். "பூட்டியா வைக்கறீங்க?"

"கம்பெனி ரூல்ஸ், மேடம்" என்று மணவாளன் இளித்தான்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி, போட்டோவை முடிச்சிடலாம்."

அவ்வளவுதான் நியாயம். கம்பெனிப் பெண் நல்ல ஆகாரம் சாப்பிடுகிற மாதிரி படம் வேண்டுமாம். வாயாடினவளையே முன்னால் கூப்பிட்டான் மணவாளன், வாயை அடைக்கிற உத்தேசத்தில். முட்டையை அவள் கையில் திணித்தான். "வாய்கிட்ட புடி. கடிச்சிடாத, இன்னா? எல்லாம் ஆபீசுக்குப் போற சாமான்."

"சிரிம்மா" என்றான் போட்டோக்காரன்.

முட்டை இன்னும் சூடாக இருந்தது. கன்னியம்மா தரையைப் பார்த்தாள். சின்னப்பொண்ணு முந்தானையை வயிற்றில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், உதடு வெளுத்துப் போய்.

"எழுந்து வாடி இங்க."

"வாணாம் சித்தி... வேல பூடும்."

"உழுந்தாலும்தான் பூடும். வா!"

வந்தவளின் வாயில் முட்டையை முழுசாகத் திணித்தாள். "மென்னு முழுங்கு."

"ஏய்!" என்று மணவாளன் அலறவும் போட்டோ விளக்கு பளிச்சென்று வெட்டவும் சரியாக இருந்தது. கன்னியம்மா பால் தம்ளரை எடுத்துப் பெண்ணின் கையில் கொடுத்தாள். அதற்குள் தரையிலிருந்து இன்னொரு மிஷின்காரி ரோசம்மாள் எழுந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். மேஜையைச் சுற்றி நெருங்கி வந்தார்கள்.

மணவாளன் இரண்டு கைகளையும் விரித்து இட்லித் தட்டின்மேல் குனிந்து கவிழ்ந்துகொண்டு நின்றான்.