டாக்டரம்மாவுக்கு முதல் ஸ்கேன்

மேசையில் மல்லாந்து படுத்திருந்த டாக்டர் இந்துவுக்குத் திரை நன்றாகவே தெரிந்தது. கல்லீரலின் வலது ஓரத்தில், நெல்லிக்காய் அளவில் ஒரு கறுப்பு வட்டம்.

ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த தீபக்கின் கை நின்றுவிட்டது. "மேடம்..."

"பேசாதே," என்றாள் உதடு அசையாமல்.

தேயிலை எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில்தான் ஸ்கேன் முகாம். அதன் வாசலில், கொழுந்து பறிக்கும் பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடங்களாக இந்த மலையில் கல்லீரல் நோய் எப்படிப் புற்றுநோயாக முற்றுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள் இந்து. போன வருடம் ஸ்கேனில் கட்டி தெரிந்த ஒச்சப்பன் சில மாதங்களிலேயே போய்ச் சேர்ந்தான். மெஷின்தான் கட்டியை உண்டாக்குகிறது என்று தொழிலாளர்களின் லயன் வீடுகள் முழுக்கப் பேச்சு.

"அப்படின்னா வருஷா வருஷம் முதல்ல படுக்கறது நான்தானே? எனக்கு என்னங்க வந்துச்சு?" என்று கேட்டுத்தான் அந்தப் பேச்சை அடக்கியிருந்தாள். எந்த எஸ்டேட்டானாலும் முதல் ஸ்கேன் அவளுக்கு. தீபக் முடிவை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வான். அதற்கப்புறம்தான் திரைச்சீலை விழும், வரிசை நகரும்.

கேட்ட வாய் இப்போது உலர்ந்து கிடந்தது.

"ஏந்தம்பி, இத்தனை நேரம்? ஸ்கேனுக்குன்னு எங்களைப் பட்டினி போட்டுட்டு டாக்டரம்மா இட்லி கிட்லி தின்னுட்டாங்களா?"

வாசலில் ஒரே சிரிப்பு. கேட்டது காளியம்மாள், ஒச்சப்பனின் தங்கை. அண்ணனுக்கு இருந்த அதே ஹெப்படைட்டிஸ் என்ற கல்லீரல் கிருமி அவள் ரத்தத்திலும் இருந்தது. இன்று அவளுக்கு ஸ்கேன் பார்த்தே ஆகவேண்டும். உண்மையைச் சொன்னால் வாசல் காலியாகிவிடும்.

"எப்பவும் சொல்றதையே சொல்லு," என்றாள் இந்து, தணிந்த குரலில்.

தீபக் வாசல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். "டாக்டரம்மாவுக்கு எல்லாம் சுத்தம்!"

திரைச்சீலை விழுந்தது. காளியம்மாளுக்கு இந்துவே ஸ்கேன் எடுத்தாள். திரையில் பட்டாணி அளவில் ஒரு வட்டம். இந்த அளவில் பிடித்தால் காப்பாற்றிவிடலாம். இத்தனை வருட உழைப்பும் இதற்காகத்தான்.

"காளியம்மா, சின்னதா ஒண்ணு இருக்குங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனா சரி பண்ணிரலாம்."

காளியம்மாள் வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, இதே மேசை, இதே மெஷினு. உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, எனக்கு மட்டும் எப்படிங்க வரும்? எங்கண்ணனும் இப்படித்தான் கோயமுத்தூர் போச்சு. ஊட்டுக்குப் பொணமாத்தான் வந்துச்சு. நான் வரமாட்டேனுங்க."

இந்து குனிந்து மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் இருக்குங்க. பொய் சொல்லிட்டேன்."

காளியம்மாள் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "என்னைய வண்டி ஏத்தறதுக்கு என்னென்ன பேசறீங்க! அப்ப சுத்தம்னீங்க, இப்ப இருக்குதுங்கறீங்க. எதைங்க நம்பறது?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பொய்யைக் காப்பாற்றினால் இவள் போய்விடுவாள். உடைத்தால் வரிசை போய்விடும். நாளைக்கு அடுத்த எஸ்டேட். அங்கேயும் முதலில் படுக்க வேண்டியது இந்துதான், இதே வட்டத்தோடு.

"தீபக், திரைச்சீலையை ஒதுக்கு."

"வேண்டாம் மேடம். பன்னிரண்டு வருஷ வேலை!"

"ஒதுக்குன்னேன்."

ஸ்கேன் ஜெல்லின் ஈரம் காயாத மேசையில் மறுபடியும் படுத்தாள். முதுகில் குளிர் ஏறியது. "காளியம்மா, உங்களுதைத் திரையில பார்த்தீங்கல்ல? என்னுதையும் பார்த்துட்டுப் போங்க."

தீபக் திரையை வாசல் பக்கம் திருப்பிவிட்டுக் கருவியை வைத்தான். கறுப்பு வட்டம் வாசல்வரை தெரிந்தது. யாரோ "அய்யோ!" என்றார்கள். செருப்புச் சத்தங்கள் தடதடவென்று படியிறங்கின. இந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் மேசைப் பக்கம் வந்து நின்றது.

"என்னுதைக் காட்டிலும் உங்களுது பெருசாட்ட இருக்குதுங்களே," என்றாள் காளியம்மாள். மேசை ஓரத்தில் இந்துவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோயமுத்தூர் பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?"