இரண்டு அறை, ஒரே பதில்

வொன்ஜு ஊர்ச் சந்தையில் கிம்ச்சி ஊறுகாய் விற்கும் சுல்லேயை ஓர் ஆராய்ச்சிக்காக ஒரே நாளில் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். அவர்களுடைய வைத்தியத்தில் மனித உடம்பு நாலு வகை. வகை தெரிந்தால்தான் மருந்து. முதல் டாக்டர் அவளை ஒரு வகை என்றார். அடுத்தவர் வேறொரு வகை என்றார். மூன்றாமவர் இரண்டுமே இல்லை என்றார்.

"நல்லவேளை, நாலாவது டாக்டர் வரல," என்றாள் சுல்லே. "வந்திருந்தா, நான் நாலு ஆளுன்னு சொல்லி பஸ்ல நாலு டிக்கெட் வாங்கச் சொல்லிருப்பாரு."

அந்த ஆராய்ச்சிக்குப் புள்ளிவிவரக் கணக்குப் பார்க்க வந்த மா ஹியோக் விழுந்து விழுந்து சிரித்தார். அதை நடத்திய டாக்டர் கும்சிலுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் இதே வைத்தியத்தில் ஊறியவள்.

"வகையே ஒத்துவரலன்னா, வகை பார்த்துக் குடுத்த மருந்து வேலை செய்யுதுன்னு எப்படிங்க டாக்டரம்மா நிரூபிப்பீங்க?" என்று கேட்டார் மா.

அவர் கேட்டது நியாயம் என்பதுதான் அவளை உறுத்தியது.

ஒரு வருஷம் உட்கார்ந்து விதிமுறை எழுதினாள். பார்த்த மாத்திரத்தில் தோன்றுவது இனி செல்லாது. மார்பளவு, இடுப்பளவு, குரல், பசி, வியர்வை எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வித்தாள். இரண்டு டாக்டர்கள் தனித்தனி அறையில் பார்க்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.

"நாடி பிடிக்கிறதை விட்டுட்டு டெய்லர் மாதிரி டேப்பைத் தூக்கிட்டியே, கும்சில்," என்று கிண்டலடித்தார் ஒரு மூத்த டாக்டர்.

"அளவெடுக்காமத் தைச்சுத்தானே சார் போன தடவை மானம் போச்சு," என்றாள்.

இந்த முறை நூறு பேரில் எண்பத்தெட்டுப் பேருக்கு இரண்டு அறையும் ஒரே வகையைச் சொன்னது. மா சிரிக்கவில்லை. "சரி, இப்ப மருந்துக்கு வாங்க," என்றார்.

செரிமானக் கோளாறு உள்ள நூற்றெண்பது பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு அவரவர் வகைக்கான மருந்து. மீதிப் பேருக்கு எல்லாருக்கும் கொடுக்கும் வழக்கமான மருந்து. ஒரே பொட்டலம், ஒரே கசப்பு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது.

எட்டு வாரம் முடிந்து, உறையைப் பிரிக்கும் நாள் வந்தது. முதல் குழுவில் நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர் தேறியிருந்தார்கள், இரண்டாவதில் நாற்பத்தொரு பேர். முதல் குழு எது என்பதுதான் உறைக்குள் இருந்தது. மா நிதானமாகக் கிழித்துப் படித்தார்.

"வகை பார்த்துக் குடுத்த குழு."

கும்சில் அந்தத் தாளை வாங்கித் திரும்பவும் படித்தாள். "கணக்குல தப்பு இருக்குமோ?"

"மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். தப்புக் கண்டுபிடிக்கத்தான் போட்டேன். கிடைக்கல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ஒரு ஆராய்ச்சி பத்தாது. உங்க முகத்தையே பாக்காதவங்க, வேற ஊர்ல, இதையே செஞ்சு பாக்கணும். குவாங்ஜுல ஒரு ஆஸ்பத்திரிக்கு நானே பேசிட்டேன். விதிமுறைப் புத்தகத்தை அனுப்பச் சொல்றாங்க."

"நீங்களா பேசினீங்க?"

"பின்னே வேற யாரு?"

கும்சில் கதவைத் திறந்து வெளியே வந்தாள். எட்டு வாரமும் வீடு வீடாகப் போன் போட்டு, "இன்னைக்கு மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போன நர்சுகள் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். அவர்கள் போட்ட கூச்சலில், கீழே சீட்டு வாங்க நின்ற கூட்டமே நிமிர்ந்து பார்த்தது.