நாலாவது குழிப் புதர்

1

இது என் கதையில்லை. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மக்கர் பண்ணிய ஒரு காலை, வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் கை சும்மா இருக்காத ஒரு மெக்கானிக் பார்க்க வந்தார். வேலைக்கு நடுவே ஆறாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னார். எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. அவருக்கும் தெரியாது, ஆனால் வாரம் ஒருமுறை ஆடுகிறார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி விலகாத புல்வெளியில், தனிமையே உருவாக அவர்…’

(வேண்டாம். இதைப் படித்தால் அவரே சிரித்துவிடுவார்.)

அடுத்தது: ‘லிஃப்ட்காரர் அடித்த பந்து நேராகப் போனதாகச் சரித்திரமே இல்லை.’

இது இருக்கட்டும். உண்மையும்கூட.

2

நடக்கச் சொன்னவர் டாக்டர். வெறுமனே நடக்க இவருக்கு அலுப்பு. மகள்தான் யாரோ விற்ற பழைய மட்டைகளைப் பையோடு வாங்கி வந்து, பந்தைத் தேடியாவது நடங்கப்பா என்றாள். நகராட்சி மைதானம், ஒன்பது குழி. நாற்பது வருஷம் லிஃப்ட் குழிக்குள் நின்று மேலே பார்த்தே வேலை செய்த மனிதருக்குக் கீழே பார்த்து அடிப்பது கைவரவில்லை. மட்டை பந்தைத் தொட்டதைவிட மண்ணைத் தோண்டியது அதிகம். ஆனாலும் போனார். தப்பாக அடித்தால் திட்ட ஆளில்லாத இடம் அவர் வாழ்க்கையில் அதுதான் முதல்.*

தனியாக வருகிறவர்களை ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் இரண்டிரண்டு பேராகச் சேர்த்து அனுப்புவார். ஒரு காலை, சீட்டை வாங்கிக்கொண்டு முதல் குழிக்குப் போனால், அங்கே மட்டையைக் குடை மாதிரி ஊன்றிக்கொண்டு மச்சான் நிற்கிறார்.

மனைவியின் அண்ணன். ஒன்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர்.

* லிஃப்டில் தப்பு செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

3

இந்த மச்சான் பாத்திரத்தின் மேல் எனக்கு நெடுநாள் சந்தேகம். கணக்கு வாத்தியார், வீட்டில் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள் என்று தப்பி ஓடி வந்தவர். மைதானத்தில் வந்து மாட்டிக்கொள்ள இவர்தானா கிடைத்தார்? வேறு ஆளாக மாற்றிப் பார்த்தேன். கதை நொண்டியது.

ஏனென்றால் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் அவரிடம்தான் இருக்கின்றன. துணி வெளுக்கும் கடைக்கு மேலே லிஃப்ட்காரரின் இரண்டு அறை வீடு. கீழேயிருந்து நீராவி ஏறி, தரையே கதகதவென்றிருக்கும். கல்யாணமான புதிதில் அந்தத் தரையில் மூன்று பேரும் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். அவர் மனைவி நல்ல சீட்டைத் தொடைக்கடியில் ஒளித்துவைப்பாள். ஐம்பத்திரண்டு சீட்டையும் மனக்கணக்கில் வைத்திருக்கும் வாத்தியார், தங்கையின் களவை மட்டும் ஒருநாளும் பிடித்ததில்லை. லிஃப்ட்காரர் பிடித்தும் சொன்னதில்லை.

பிறகு, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அந்த ஆஸ்பத்திரி நடைபாதை. அவள் போய் அரைமணிகூட ஆகவில்லை. ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்றவளைக் காலை வரை வீட்டில் வைத்திருந்தாயே, நீதான் அவளைக் கொன்றாய் என்றார் வாத்தியார். சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். தன் மனசும் அப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்றார் லிஃப்ட்காரர் என்னிடம்.

4

முதல் மூன்று குழி வரை எத்தனை அடி அடித்தோம் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வாத்தியாரும் ஆட்டத்தில் சூரர் இல்லை. ஆனால் ஒரு அடியைக்கூட மறைக்காமல் எண்ணினார். நாலாவது குழியில் இருவர் பந்தும் ஒரே புதருக்குள் பாய்ந்தன. பின்னால் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, எதிரெதிர்ப் பக்கமிருந்து மட்டையால் இலைகளை விலக்கித் தேடினார்கள். முகம் தெரியாதபடி புதர் நடுவில் நின்றது. அது தந்த தைரியமாகத்தான் இருக்கவேண்டும்.

“மாப்ளே, தங்கச்சி போறதுக்கு முந்தின நாள் மத்தியானம் எனக்கு ஃபோன் பண்ணினா,” என்றார் வாத்தியார்.

இவர் கை நின்றது.

“நெஞ்சு பிசையுற மாதிரி இருக்குன்னா. வாயுவா இருக்கும், கொஞ்சம் படுத்து எந்திரின்னு நான்தான் சொன்னேன். அவர்கிட்ட சொல்லிடாத, பயந்துடுவாருன்னா. நானும் சொல்லல.” மட்டையால் இன்னொரு கிளையை ஒதுக்கினார். “ஆஸ்பத்திரியில உன்னைக் கேட்டேனே, அது என்னைக் கேட்டுக்க வேண்டியது.”

5

இந்த இடத்தில் லிஃப்ட்காரரைக் கத்தவிட்டு ஒரு பக்கம் எழுதினேன். ‘ஒன்பது வருஷம்டா, ஒன்பது…’ மட்டை பறந்தது. நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டேன், ஏனென்றால் அவர் செய்தது அதுவல்ல. அவருக்குக் கோபம் வந்ததாம். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டு வந்துவிட்டதாம்.

“வேற என்ன பேசினா?”

வாத்தியாருக்குப் புரியவில்லை.

“ஃபோன்ல. வேற என்ன சொன்னா?”

அவளைப் பற்றி இனி புதிதாக எதுவும் கிடைக்காது என்று இருந்தவர் அவர். இருக்கும் நினைவுகளையே திருப்பித் திருப்பிப் போட்டு ஓரம் தேய்ந்துவிட்டது. இப்போது தான் கேட்காத அவள் பேச்சு ஒன்று, அந்தப் புதருக்கு அப்புறம் இருக்கிறது.

வாத்தியார் யோசித்து யோசித்துச் சொன்னார். அந்த வாரம் லிஃப்ட்காரர் குளியலறைக் குழாயை மாற்றியிருந்தார்; சுடுதண்ணீருக்குத் திருப்பினால் பச்சைத்தண்ணீர் வந்தது. “ஊரையே ஏத்தி இறக்குற மனுஷன், வீட்டுக் குழாயை இடம் வலமா மாட்டி வச்சிருக்காருண்ணா. சொன்னா மூஞ்சி சுருங்கிடும், நானே பழகிக்கிறேன்னு சொல்லிட்டு ஒரே சிரிப்பு.”

“ரொம்ப நேரம் சிரிச்சாளா?”

“ரொம்ப நேரம்.”

(அந்தக் குழாய் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. கட்டடத்துக் கோளாறு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாராம்.)

புதரின் இந்தப் பக்கம் ஒருவர் சிரித்தார், அந்தப் பக்கம் ஒருவர் அழுதார். யார் எது என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு லிஃப்ட்காரர் அதை எடுத்துவிடச் சொன்னார்.

6

மிச்சம் ஐந்து குழியையும் ஆடி முடித்தார்கள். திரும்பி வந்து சீட்டைக் கொடுத்தபோது, அடுத்த வாரத்துக்கு இருவராகப் போடட்டுமா, தனியாகவா என்று எழுத்தர் கேட்டார். இத்தோடு கதையை நிறுத்திவிட்டார் லிஃப்ட்காரர். என்ன பதில் சொன்னீர்கள் என்றேன். எழுதுகிறவர் நீங்கள்தானே என்றார்.

இருவர் என்று எழுதிப் பார்த்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. நடைபாதையில் அத்தனை பேர் முன்னால் விழுந்த சொல் ஒன்பது குழியில் கரைந்துவிடுமா? தனியாக என்று எழுதினேன், பேனா ஒத்துழைக்கவில்லை. எனவே அந்த ஜன்னல் முன்னால் உங்களை நிறுத்திவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். எழுத்தர் நிமிர்ந்து பார்க்கிறார். உங்களுக்குப் பின்னால் பெஞ்சில் வாத்தியார் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கிறார். அது எப்போதோ அவிழ்ந்துவிட்டது. இன்னும் குனிந்தேதான் இருக்கிறார்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவருக்கு முதுகு வலி.