வேகத்தடைகளில் பதிந்தது

ஞாயிறு காலை பத்து இருபதுக்குத் திருமூர்த்தி, வாசலில் நின்ற புதுக் காருக்குள் உட்கார்ந்து டேஷ்கேமின் செட்டிங்ஸைத் திறந்தான். கார் வந்து நான்கு நாள். சாலையைப் பதியும் அந்தக் கேமராவை முந்தின நாள்தான் உக்கடத்தில் அமீர் ஹம்சாவின் கடையில் மாட்டினார்கள்.

"ஊட்டுல ஆருங்க ஓட்டறது?" என்று அமீர் ஹம்சா கேட்டிருந்தான்.

"சம்சாரம். சோமனூர்ல துணிக் கம்பெனி ஆபீஸ். நமக்கு பைக் போதும்."

"அப்பச் சத்தத்த ஆஃப் பண்ணிப்போடுங்க. படம் இன்சூரன்ஸுக்கு. சத்தம் சண்டைக்கு. என் கார்லயே ஆஃப்தானுங்க."

ரெசல்யூஷன் கேட்டது. இருப்பதில் உயர்ந்ததை வைத்தான். வீடியோவின் ஒரு துண்டு எத்தனை நிமிடம் என்று கேட்டது. ஒன்று. தேடச் சுலபம். அதிர்வு: அதிகம். வண்டி எதிலாவது இடித்தால் அந்தத் துண்டு மட்டும் அழியாமல் பூட்டிக்கொள்ளும். கார்டு நிறைந்ததும் மற்றவை பழையதிலிருந்து அழியும். வேகம் படத்தின் மூலையில் தெரியட்டும்.

ஒலிப்பதிவு என்ற இடத்தில் விரல் நின்றது.

சூலூரில் மிதுன் ஏறுகிறான். மனைவி லோகப்பிரியாவின் ஆபீஸ்தான். கார் வந்த மறுநாளே ஏறினான். "பஸ்ஸுக்கு நிக்கறானுங்க, போற வழிதானே" என்று அவளே வந்து சொன்னாள். மறைத்திருந்தால் கேட்டிருக்கலாம்.

லோகப்பிரியா காபியோடு வெளியே வந்தாள். "என்னங்க இவ்வளவு நேரம்? ஏரோப்ளேனா ஓட்டப் போறேன்?"

"எல்லாம் பாத்து வெக்கணுமல்ல."

"பேசறதும் பதியுங்களா?"

"இல்ல. ரோடு மட்டும்."

அவள் உள்ளே போனதும் ஆன் செய்தான்.

அடுத்த சனிக்கிழமை, அவள் தலைக்குக் குளிக்கும் நேரத்தில் மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டான். வெள்ளிக்கிழமை மட்டும் முழுதாக இருந்தது. அன்று மிதுன் லீவு. வழி முழுக்க ரேடியோ. அதற்கு முந்தைய நாட்களை உயர்ந்த ரெசல்யூஷன் தின்றுவிட்டிருந்தது. மிஞ்சியவை பூட்டிய துண்டுகள், நாற்பத்தேழு. ஒன்றிலும் இடி இல்லை. எல்லாம் வேகத்தடை. வண்டி குதித்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிமிடம்.

திங்கள். வண்டி குதிக்கிறது. அவள் சிரிக்கிறாள். எதற்கென்று முந்தைய துண்டில் இருந்திருக்கும்.

செவ்வாய். "மேடம், லாரிக்காரனே பயந்துட்டான்" என்கிறான் மிதுன். கனமான குரல். திருமூர்த்தி வேறு மாதிரி நினைத்திருந்தான். அவள் மறுபடி சிரிக்கிறாள். துண்டின் கடைசியில் மூலையில் 82.

அவன் பக்கத்தில் இருக்கும்போது அவள் ஐம்பதைத் தாண்டியதில்லை. பிரியாவுக்கு அஞ்சாவது கியர் எதுக்கு என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேலி செய்திருக்கிறான். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இந்தச் சிரிப்பு அல்ல.

புதன். "எங்க ஊட்டுக்காரர் பக்கத்துல உக்காந்தா எனக்குக் கால் நடுங்குது மிதுன். நீ இருந்தா அப்படி இல்ல. ஏன்னா நீ..."

துண்டு முடிந்தது. அடுத்தது இல்லை. அடுத்த வேகத்தடையில் இரண்டு பேரும் நூல் லோடு வராததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது முறை கேட்டான். கடைசியில் அவள் மூச்சை இழுப்பது வரை கேட்டது.

குளியலறையில் தண்ணீர் நின்றது. கார்டைக் கொண்டுபோய் மாட்டினான். ரெசல்யூஷனைக் குறைத்தான். துண்டை ஐந்து நிமிடமாக்கினான். அதிர்வைக் குறைவுக்கு மாற்றினான். இனி எதுவும் விடுபடாது. புதன்கிழமை மட்டும் இல்லை.

மறுநாள் வெள்ளகோவிலில் அவன் அத்தை மகள் வீட்டுச் சீர் விசேஷம். சாவியை அவளிடம் நீட்டினான்.

"நானுங்களா? நீங்க இருக்கறப்பவா?"

"தினமும் ஓட்டறதுதானே."

பக்கத்து இருக்கை பின்னால் தள்ளியிருந்தது. உட்கார்ந்து முன்னால் இழுத்துக்கொண்டான். மிதுனுக்கு நீளமான கால்.

காங்கயம் தாண்டியதும் சாலை நேராகக் கிடந்தது. முள் நாற்பத்துநான்கில் நின்றது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஒதுங்கினாள்.

"கிளட்ச்ல இருந்து காலை எடு."

"எடுத்துட்டனுங்க."

"கண்ணாடியப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கறனுங்க."

"கியர மாத்து. பின்னால டிராக்டர் வருது, அதுவும் நம்மளத் தாண்டிரும்."

அவள் மாற்றினாள். வண்டி உதறியது.

"மெதுவா! புது வண்டி."

உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். டிராக்டர் தாண்டிப் போனது.

"மிதுன் இருந்தா எண்பதுல போவ," என்றான். "எங்கூட வந்தாத்தான் கால் நடுங்கும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். இண்டிகேட்டர் போட்டாள். ஒரு வேலாமரத்தடியில் ஓரம்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தாள். குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கேமராவை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, மீதியும் கேட்டீங்களா?"