கதகதப்பான மூட்டை

ரஜீவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, அவன் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை முழுசாக உட்கார்ந்து குடித்து நிரஞ்சலா பார்த்ததில்லை. பாதியில் எழுந்து போய்விடுவான். மாதிரிப் பண்ணையின் களஞ்சியப் பொறுப்பு கைக்கு வந்தபிறகு கேட்கவே வேண்டாம், குட்டி போட்ட பூனைதான்.

பொறுப்பும் சின்னதல்ல. பசறைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெக்டரியை மூடி நாலு வருடம். கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. காடேறிக் கிடந்த மூன்று ஏக்கர் மலையைக் கம்பனி பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரு போகத்துக்கு மட்டும் கொடுத்தது. சோளம் போடுங்கள், காயவைத்துக் கெடாமல் சேமித்து விவசாய அதிகாரியம்மாவிடம் காட்டுங்கள், காட்டினால் முப்பது வருடக் குத்தகை, இல்லாவிட்டால் நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பது பேச்சு. குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக்கூட எங்களது என்று சொல்ல முடியாத சனம். விளைவிக்க அவர்களுக்குப் பயமில்லை. பகல் இரண்டு மணிக்கே மூட்டம் இறங்கும் மலையில் எப்படிக் காயவைப்பது என்பதுதான் பயம்.

ரஜீவ் பெக்டரியில் பதினொரு வருடம் தேயிலை காயவைக்கும் அறையில் நின்றவன். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் திட்டம் போட்டான். தோட்டத்தை நடத்தும் துரையிடம் கெஞ்சி, கொழுந்து வாட்டும் பழைய காற்றாடியை வாங்கினான். கம்பிவலை போட்ட நீள மேடை, அதன் வாயில் விறகு அடுப்பு, சூட்டை உள்ளே தள்ளக் காற்றாடி. களஞ்சியத்தைக் கால்களின் மேல் நிறுத்தி, எலி ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் தகரப் பாவாடை கட்டினான். காய்ந்த சோளத்தைச் சூட்டோடேயே பொலித்தீன் பையில் கொட்டி வாயைக் கட்டச் சொன்னான். பெக்டரியில் தேயிலைக்குக் கடைசியாக ஒரு சூடு காட்டி, அது ஆறுமுன் மூடுவதுதான் வழக்கம். மொத்தம் நாற்பத்தெட்டு மூட்டை.

"மூடுனா மூடுனதுதான். சும்மா சும்மா தெறந்தா ஈரக்காத்து உள்ள போயிரும்," என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தான்.

சொன்னவனுக்கே அது முடியவில்லை. நாளைக்கு ஏழு தடவை கதவைத் திறந்தான். பார்ப்பான், பூட்டுவான், பாதி வழி போய்த் திரும்பி வருவான். பொறுக்க முடியாமல் நிரஞ்சலா சாவியைப் பிடுங்கித் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள்.

"ஒங்க சட்டம் ஒங்களுக்கும்தான். வெள்ளிக்கெழம அதிகாரியம்மா வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் தலவச்சும் படுக்கக் கூடாது."

பிறகு பூட்டிய களஞ்சியத்தை வெளியே நின்று சுற்றினான். தகரத்தைத் தட்டிப் பார்த்தான். வானத்தைத் திட்டினான்.

வியாழக்கிழமை பின்னேரம் மூட்டம், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களம் வரை இறங்கியிருந்தது. கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த நிரஞ்சலாவின் முகம் தெளிவாக இருந்தது. முதுகு வலி எப்படி என்று ரஜீவ் கேட்டான்.

"தேவல. சொன்னா கோச்சுக்காதீங்க. மூணு நாளா வர்ற வழியில களஞ்சியத்துல அஞ்சு நிமிசம் சாஞ்சிட்டுத்தான் வர்றேன். இந்தக் குளுருக்கு நடு மூட்ட ஒத்தடம் குடுத்த மாதிரி கதகதன்னு இருக்கு. நேத்தவிட இன்னைக்கு இன்னும் சொகம்."

கோப்பையைக் கீழே வைத்தான் ரஜீவ். மூட்டைகளைக் கட்டி ஒன்பது நாள். ஒன்பது நாளில் எந்தச் சூடும் ஆறியிருக்கும். ஆறாமல் நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் உள்ளே சோளம் கெடுகிறது.

ஓடினான், அவளும் பின்னால் ஓடினாள். முன் வரிசை குளிர்ந்துதான் கிடந்தது. நடு மூட்டையின் வாயை அவிழ்த்ததும் புளித்த வாடை அடித்தது. பொலித்தீனின் உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. முறுகக் காய்ந்த தேயிலை சூட்டோடு மூடினாலும் தாங்கும். சோளத்தின் வயிற்றுக்குள் மிச்சமிருந்த ஈரமோ வெளியே வந்து, போக வழியில்லாமல் மணிகளின் மேலேயே பூசணம் பூத்துவிட்டது. பதினொரு வருட அனுபவமே அவன் காலை வாரிவிட்டது. வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

"முன்னால உள்ளது நல்லாத்தானே இருக்கு," என்றாள் நிரஞ்சலா மெதுவாக. "அந்தம்மா கம்பி குத்திப் பாக்குறதும் முன்னாலதான். நாளைக்கு ஒரு நாள் பல்லக் கடிச்சிட்டு இருந்தா போதும்."

அவளைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு குடும்பத்தின் நிலம் ஒரே ஒரு நாள் தள்ளி நிற்கிறது. ரஜீவ் கதவுக்கும் மூட்டைக்கும் நடுவே நாலு தடவை நடந்தான். அவனுக்கும் ஆசைதான்.

"குத்தகைக் காகிதம் கெடச்சிரும். சோளம் மிஞ்சாது. நம்ம புள்ளைங்க திங்கப்போறதும் இதத்தான். போயி எல்லாரையும் கூப்புடு. நான்தான் கெடுத்தேன்னு சொல்லியே கூப்புடு."

வெள்ளிக்கிழமை துரையும் அதிகாரியம்மாவும் வந்தபோது களஞ்சியம் வெறுமையாக இருந்தது. சோளம் பெரட்டுக்களத்திலும், லயத்து முன்வாசல் இஸ்தோப்புகளிலும், பாய் என்று பேர் சொல்லக்கூடிய எல்லாவற்றிலும் கிடந்தது. பூசணம் பூத்த ஒன்பது மூட்டையைக் கோழிக்கும் போடாமல் குழியில் புதைத்திருந்தார்கள். ரஜீவ் நடந்ததை மறைக்காமல் சொன்னான். பெக்டரியையே நடத்திய துரை கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"சூட்டோடயா மூடுன? நானா இருந்தாலும் அப்பிடித்தான் மூடச் சொல்லியிருப்பேன்."

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. "நல்லா ஆறவச்சு மறுபடி அடுக்குங்க. மூணு கெழம கழிச்சு வருவேன். அதுக்கு மேல தவணை கெடையாது."

கலண்டர் தாளில் மேடைக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே ரஜீவ் இன்னொரு கட்டம் வரைந்தான், ஆறவைக்கும் இடம். சாவி நிரஞ்சலாவிடமே இருந்தது. தினமும் பின்னேரம் அவள் நடு மூட்டையில் முதுகைச் சாய்ப்பாள். வாசலில் நின்று அவன், "எப்பிடி?" என்பான். "குளுருது," என்பாள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அவனுக்குத் தேத்தண்ணி இறங்கும். இப்படியே இருபத்தொரு நாள்.

அதிகாரியம்மா நடு மூட்டைகளையும் விடாமல் கம்பி குத்தி, ஈரம் பார்க்கும் கருவியில் மணிகளைக் கொட்டினார். பதிமூன்று என்றார். நூற்றுக்குப் பதிமூன்றுக்குள் ஈரம் இருந்தால் சோளம் கெடாது என்று அர்த்தம். சோள மூட்டையின் மேலேயே காகிதத்தை விரித்துப் பன்னிரண்டு குடும்பமும் கையெழுத்துப் போட்டது.

கடைசியாகப் போட்ட நிரஞ்சலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நெலம் வந்துருச்சு. என் முதுகுக்கு இருந்த ஒத்தடந்தான் போச்சு."

ரஜீவ் தண்ணீர் சுடவைக்க லயத்துக்கு நடந்தான். களஞ்சியத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.