கடிபட்டவர் நலம் விசாரித்தார்

கூரியர்காரரின் வலது கெண்டைக்காலைப் பீரங்கி கவ்விய செய்தி அன்று மதியத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பீரங்கி ஒரு ராட்வீலர் நாய். கன்னங்கரேல் என்ற உடம்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே பழுப்புப் பொட்டு, நின்றால் கன்றுக்குட்டி உயரம். அதை வளர்த்தவர் தெருக்கோடியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். எல்லோருக்கும் அவர் ஜிம்காரர். சாயங்காலம் நகராட்சி வண்டி வந்து பீரங்கியை ஏற்றிக்கொண்டு போனது.

மனிதரைக் கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைப்பது விதி. பத்து நாளும் அது உயிரோடு, நல்லபடியாக இருந்துவிட்டால், கடித்தபோது அதற்கு வெறிநோய் இல்லை என்று உறுதியாகும். கடிபட்டவர் அதற்காகக் காத்திருக்காமல் ஊசியை உடனே ஆரம்பித்துவிட வேண்டும். கூரியர்காரரும் ஆரம்பித்துவிட்டார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை, கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே கண்காணிப்புக் கூடத்துக்கு வந்துவிட்டார்.

அங்கே நாய்களைப் பார்த்துக்கொள்பவள் கூண்டக்கா. பதினாறு வருடமாகக் கூண்டுகளுக்கு நடுவிலேயே வேலை செய்வதால் வந்த பெயர். குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு தம்பி, என்ன வேணும்?”

“நேத்து ஒரு நாயைக் கொண்டாந்தாங்களே, கறுப்பா… அது எப்படி இருக்குக்கா?”

“நீங்க அதோட சொந்தக்காரரா?”

“இல்லைக்கா. அது கடிச்ச ஆளு.”

கூண்டக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் கடித்த நாயைத் திட்ட வந்தவர்கள் உண்டு. கல்லோடு வந்தவர்களும் உண்டு. நலம் விசாரிக்க வந்தவர் இவர்தான் முதல்.

“நல்லாத்தான் இருக்கு. காலையில ஒரு தட்டு சோறு காலி.”

“மிச்சம் வைக்கலையே?”

“தட்டையே மிச்சம் வைக்காது போலிருக்கு.”

கூரியர்காரர் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். அன்றிலிருந்து தினமும் பார்சல் கொடுக்கப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, தும்மியதா என்று கேள்வி மேல் கேள்வி. மூன்றாம் நாள் பீரங்கி கொஞ்சம் சோர்ந்து படுத்திருந்தபோது அவருக்கு முகமே வெளுத்துவிட்டது. வெயில் நேரத்தில் எல்லா நாயும் இப்படித்தான் படுக்கும் என்று கூண்டக்கா சத்தியம் செய்யாத குறை. நான்காம் நாள் ‘அது’ போய் ‘அவன்’ வந்துவிட்டது. “அவன் இன்னிக்குத் தெளிவா இருக்கான்ல அக்கா?” என்று கேட்டார்.

கூடத்துக்குப் பொறுப்பான கால்நடை டாக்டருக்கு இந்தப் பாசம் பிடிக்கவில்லை. கூண்டக்காவைக் கடிந்துகொண்டார்.

“ஏம்மா, இந்த இனமே அப்படித்தான். காவலுக்குன்னே உருவாக்கினது. ரத்தத்துல இருக்கிறதை நீ மாத்த முடியுமா?”

“போன மாசம் பஞ்சுமூட்டை மாதிரி வெள்ளையா ஒண்ணு வந்து என் விரலைப் பதம் பார்த்துச்சே டாக்டர், அது எந்த ரத்தம்?”

“அது கடிச்சா பிளாஸ்திரி. இது கடிச்சா தையல். ரெண்டும் ஒண்ணா?”

அது கூண்டக்காவுக்கும் தெரியும். கூரியர்காரர் காலில் ஏழு தையல் இருந்தது. ஆனாலும் அவள் கண்ணில் வேறு சில விஷயங்கள் பட்டிருந்தன. பீரங்கியின் நகங்கள் சுருண்டு வளர்ந்திருந்தன. தெருவில் நடக்கிற நாய்க்கு நகம் தானாகத் தேய்ந்துவிடும்; இது வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடி கொட்டி வழவழவென்று இருந்தது. சங்கிலி எங்காவது கலகலத்தால் அவ்வளவு பெரிய உடம்பு மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. மற்றபடி தட்டை எடுத்தாலும் துடைப்பத்தை ஓங்கினாலும் ஒரு உறுமல் இல்லை. முதல் தடவை அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டபோது, யாரைச் சொறிகிறாய் என்று கேட்பதுபோல் திரும்பிப் பார்த்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அவள் கைமேலேயே முழுப் பாரத்தையும் போட்டுவிட்டது.

ஆறாம் நாள் ஜிம்காரர் தன் மனைவியோடு வந்தார். கதவுக்குள் நுழையவே பக்கவாட்டில் திரும்ப வேண்டிய அளவு தோள். கூரியர்காரரும் அப்போது அங்கேதான் இருந்தார். ஜிம்காரர் அவரைக் கவனிக்கவில்லை. கூண்டுக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டு டாக்டரிடம் பெருமை அளக்க ஆரம்பித்தார்.

“சாதாரண நாய் இல்ல சார். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும். இப்பப் பாருங்க.”

விரலைச் சொடுக்கி, “பிடி!” என்றார்.

ஐந்து நாளாகச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்த பீரங்கி ஒரே பாய்ச்சலில் கம்பியில் வந்து மோதியது. கூண்டு முழுக்க அதிர்ந்தது. கம்பியை ஒட்டி நின்றிருந்த கூரியர்காரர் பின்னால் சரிந்து, நாய்களைக் குளிப்பாட்டுகிற தொட்டிக்குள் தொபீரென்று விழுந்தார்.

தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்தவர் முதலில் சொன்னது, “அக்கா, இதே சொடுக்குச் சத்தம்தான்! அன்னிக்கும் மாடியிலேர்ந்து கேட்டுச்சு!”

ஜிம்காரர் அப்போதுதான் அவரை அடையாளம் கண்டுகொண்டார். மார்பு ஒரு சுற்று இளைத்ததுபோல் ஆகிவிட்டது.

“அது… பசங்க நாலு பேர் மாடியில நின்னுட்டு இருந்தாங்க. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். கேட் பூட்டியிருக்கும், யாரும் உள்ளே வர மாட்டாங்கன்னு நினைச்சேன்.”

“விளையாட்டா? ஏழு தையல் சார்!” என்று காலை முன்னே நீட்டினார் கூரியர்காரர்.

கூண்டக்கா பீரங்கியைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தாள். அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. “சார், கொஞ்சம் கிட்ட வாங்க. அது தலையில ஒரு தடவை கை வைங்க பாப்போம்.”

“இப்பவா?”

“இப்பதான்.”

ஜிம்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். நெற்றியைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த மனைவி அதற்கு மேல் பொறுக்க முடியாமல் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள்.

“அவரால முடியாதுக்கா. அவருக்கு நாய்னாலே பயம். ரெண்டு வருஷமா சோத்துத் தட்டைத் துடைப்பக் கட்டையாலதான் தள்ளி வைக்கிறாரு. நான் தொடப் போனாலும் விட மாட்டாரு.”

“பின்ன எதுக்கும்மா வாங்கினீங்க?” என்றார் டாக்டர்.

ஜிம்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “என் உடம்புக்குச் சின்ன நாய் வெச்சா நல்லா இருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க சார். வாங்கினப்புறம் பயமாப் போச்சு. கட்டிப் போட்டேன். கட்டிப் போட்டா இன்னும் கத்துச்சு. அது கத்தினா ஆளுங்க மிரள்றாங்க, அதைப் பாத்தா… கொஞ்சம் நல்லாவும் இருந்துச்சு.”

கூரியர்காரர் புகாரை அழுத்திப் பிடித்திருந்தால் பீரங்கி திரும்ப வீட்டுக்குப் போயிருக்காது. பத்தாம் நாள், நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகு, அவரைக் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அவர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவர்போலத் தயாராகப் பேசினார்.

“அவன் மேல எனக்குக் கோபம் இல்ல. சொன்னதைச் செஞ்சான். சொன்னவர்தான் அவனை எப்படி நடத்தணும்னு இங்க வந்து கத்துக்கணும். ஆள் அனுப்பக் கூடாது, அவரே வரணும். அதுவரைக்கும் அவங்க வீட்டுப் பார்சலை அவரே தெருமுனைக்கு வந்து வாங்கிக்கட்டும்.”

டாக்டர் அதோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்தார். வெளியே வந்தால் வாய்ப்பூட்டு கட்டாயம், கேட்டுக்கு இரட்டைத் தாழ், எட்டு வாரம் பயிற்சி, அது முடிகிற வரை நாய் கண்காணிப்புக் கூடத்திலேயே இருக்கும். ஜிம்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நாயே இல்லை. வாரை எப்படிப் பிடிப்பது, எங்கே தளர்த்துவது, எங்கே நிறுத்துவது என்று ஜிம்காரருக்கு மட்டும் கூண்டக்கா பாடம் நடத்தினாள். நாய்க்குப் பதிலாக வாரின் மறுமுனையை அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். “நட” என்றால் அவள் நின்றாள். “நில்” என்றால் நடந்தாள்.

“வீட்லயும் இப்படித்தான்க்கா” என்றார் ஜிம்காரர் பரிதாபமாக.

“நீங்க சொல்ற விதம் அப்படி. அதட்டினா யாருங்க கேப்பாங்க?” என்றாள் மனைவி.

மூன்றாம் வாரம் அவர் பீரங்கிக்கு உள்ளங்கையில் பிஸ்கட் வைத்து நீட்டினார். கையில் நாலு பேரைத் தூக்குகிறவர். நாய் கிட்ட வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பீரங்கி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, உள்ளங்கையையும் ஒருமுறை நக்கிவிட்டுப் போனது. ஜிம்காரர் அந்தக் கையைக் கழுவாமலே வீட்டுக்குப் போனதாக அவர் மனைவி பிறகு சொன்னாள்.

நான்காம் வாரம் சறுக்கியது. பயிற்சித் திடலின் வேலிக்கு அப்பால் யாரோ ஒருவர் தன் நண்பரைக் கூப்பிட விரலைச் சொடுக்கினார். பீரங்கி பாய்ந்துவிட்டது. வார் ஜிம்காரர் கையில் இறுக்கமாக இருந்ததாலும் வாய்ப்பூட்டு இருந்ததாலும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவ்வளவு பெரிய ஆளையே அது நாலு தப்படி இழுத்துக்கொண்டு போனது.

“இதைத்தான்மா நான் சொன்னேன்” என்றார் டாக்டர். “வேற நாயா இருந்தா ஒரு பொம்பளைப் பிள்ளைகூட இழுத்துப் பிடிச்சிருக்கும்.”

“ஒத்துக்கறேன் டாக்டர். இவ்வளவு பலம் இருக்கிறதை யார் கையில வேணா குடுத்துடக் கூடாது” என்றாள் கூண்டக்கா. “ஆனா சொடுக்குக்குப் பாயணும்னு அதுக்கு யாரு கத்துக்குடுத்தா?”

டாக்டர் காதைச் சொறிந்துகொண்டார். அன்றிலிருந்து சொடுக்கினால் பிஸ்கட் என்று பாடத்தை மாற்றினாள் கூண்டக்கா. ஜிம்காரர் தினமும் வந்து ஐம்பது சொடுக்கு. இரண்டு வாரத்தில், யார் சொடுக்கினாலும் பீரங்கி தன் சொந்தக்காரர் முகத்தைப் பார்த்து உட்கார ஆரம்பித்தது. ஜிம்காரருக்கு ஒரு சட்டைப்பை எப்போதும் பிஸ்கட் தூளாகவே இருந்தது.

எட்டாம் வாரம் கடைசிச் சோதனை, ஆட்கள் நடமாடும் கடைத்தெருவில். வாய்ப்பூட்டோடு பீரங்கி, வாரைப் பிடித்தபடி ஜிம்காரர், பத்தடி பின்னால் டாக்டரும் கூண்டக்காவும். லாரி ஹாரன் அடித்தது. பீரங்கி காதை மட்டும் அசைத்தது. இறைச்சிக் கடை வந்தது. ஒரு கணம் தயங்கி, கூப்பிட்டதும் வந்துவிட்டது. எதிரே கூரியர்காரர் வேண்டுமென்றே ஒரு பெரிய பெட்டியோடு நடந்து வந்தார். அது ஏற்பாடு. ஆனால் அவர் முகத்தில் வியர்வை ஏற்பாடு இல்லை. பீரங்கி அவரை ஒரு பார்வை பார்த்தது, ஜிம்காரரை ஒரு பார்வை பார்த்தது, வாலை ஆட்டிக்கொண்டு தாண்டிப் போனது.

“பாஸ்!” என்று டாக்டர் சொல்லி வாய் மூடவில்லை. துணிக்கடை வாசலில் ஒருவர் படாரென்று குடையை விரித்தார். பீரங்கி ஒரே துள்ளாகத் துள்ளி ஜிம்காரரின் காலிடுக்கில் புகுந்து நடுங்கியது. அவர் வாரைக் கீழே போடவில்லை. நடுத்தெருவென்றும் பார்க்காமல் மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

“ஒண்ணுமில்லடா, குடைதான், குடைதான்” என்றார். “எனக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு.”

கடைத்தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அவருக்கு அது உறைக்கவே இல்லை.